நிலைப்பாடு நகரும் விதம்

சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டி, காட்டுப்பள்ளியில் ஒரு துறைமுகம் இருக்கிறது. எல் அண்ட் டி நிறுவனம் கட்டியது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. பரப்பு சுமார் 330 ஏக்கர். இதை 6,111 ஏக்கராக விரிக்க ஒரு பெருந்திட்டம் தீட்டப்பட்டது. செலவு 53,031 கோடி ரூபாய். அதில் கிட்டத்தட்ட 2,000 ஏக்கரைக் கடலைத் தூர்த்தே உருவாக்குவதாக ஏற்பாடு. ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவாகச் சரக்கைக் கையாளும் இடம், 32 கோடி டன் கையாளும் இடமாக வேண்டும். 32 கோடி டன் என்றால் எவ்வளவு? 20 டன் ஏற்றும் லாரிகளில் அள்ளினால், இரவு பகல் பாராமல், ஆண்டு முழுக்க, இரண்டு விநாடிக்கு ஒரு லாரி கிளம்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தத் திட்டம் 2021 சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது பழவேற்காட்டு மீனவக் குப்பங்களின் வாசலுக்கு வந்தது. கட்சிகள் பக்கம் எடுக்க வேண்டிய கட்டாயம். ஒரு கட்சியின் கருத்து தேர்தல் மேடைக்கு ஏறும்போது என்ன வடிவம் கொள்கிறது, இறங்கிய பின் எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து குறைவு. ஏனென்றால் இங்கே யாரும் வெளிப்படையாகக் கட்சி மாறவில்லை, கொள்கை மாறியதாக அறிவிக்கவும் இல்லை. நிலைப்பாடு மட்டும் நகர்ந்தது.

முதலில் குப்பங்களுக்கு என்ன பயம் என்பதைத் தெரிந்துகொள்வோம். பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இறங்கி நடக்கலாம். இந்த ஆழமின்மைதான் அதன் செல்வம். இறால் கடலில் முட்டையிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அதன் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் வளர்ந்து, பெரிதானதும் மறுபடி கடலுக்குத் திரும்பும். போகிற வழியில் வலை காத்திருக்கும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது.

அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பது இன்னொரு அதிசயம். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குகின்றன. ஒவ்வொரு அலையும் ஒரு பிடி மணலை வடக்கே நகர்த்துகிறது. கணக்கில்லாத அலைகள், ஆகவே கரையோரமாக ஒரு மணல் ஆறே தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் அந்த ஆற்றுக்குக் குறுக்கே போட்ட அணை. தெற்கே மணல் சேரும், வடக்கே கரை பசியோடு கிடந்து தன்னையே தின்னும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே ஏறியதும் இப்படித்தான். காட்டுப்பள்ளிக்கு வடக்கே களஞ்சி, கருங்காலி, அதற்கப்பால் பழவேற்காடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அந்தத் திட்டு அறுந்தால் ஏரி ஏரியாக இருக்காது என்பதுதான் மீனவர் அச்சம்.

இனி நடந்ததைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். 2019 அக்டோபரில் மத்திய நிபுணர் குழு, சுற்றுச்சூழல் தாக்க ஆய்வை என்னென்ன விஷயங்களில் செய்ய வேண்டும் என்று வரம்பு வகுத்துக் கொடுத்தது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவிக்கப்பட்டது. அப்போது ஆட்சியில் அதிமுக. எதிர்ப்பு வலுத்தது, கூட்டம் தள்ளிப்போனது. தேர்தல் பிரச்சாரத்தில் மு.க.ஸ்டாலின், திமுக ஆட்சிக்கு வந்தால் விரிவாக்கத்துக்கு இடம் தர மாட்டோம் என்று உறுதி கூறினார். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. பொன்னேரித் தொகுதியில் திமுக கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் துரை சந்திரசேகர் வென்றார். மே 7 புதிய அரசு பதவியேற்றது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதே திட்டத்துக்கு 2023 செப்டம்பர் 5 அன்று கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. மறுபடி எதிர்ப்பு, மறுபடி ஒத்திவைப்பு.

ஆட்சி மாறியது. முதலமைச்சர் மாறினார். இரு ஆட்சியிலும் நடந்தது ஒன்றேதான்: தேதி குறித்தல், தள்ளிப்போடல். இதற்குப் பின்னால் சூழ்ச்சி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. யாரும் திட்டமிடாமலேயே இப்படி ஒரு விளைவைத் தரக்கூடிய பொறியமைப்பு ஜனநாயகத்துக்குள் இருக்கிறது. அதன் பற்சக்கரங்களைப் பொருளாதார அறிஞர்களும் அரசியல் ஆய்வாளர்களும் நூறு ஆண்டுகளாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்துவருகிறார்கள்.

முதல் சக்கரத்தை 1929இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் காட்டினார். ஒரு நீண்ட தெருவில் இரண்டு டீக்கடைகள். டீ ஒன்றுபோல, விலை ஒன்றுபோல. ஆளுக்கொரு முனையில் கடை போட்டால் தெருவாசிகளுக்கு வசதி. ஆனால் ஒரு கடைக்காரர் பத்தடி நடுப்பக்கம் நகர்ந்தால் மற்றவரின் வாடிக்கையாளர் சிலர் இவருக்குக் கிடைப்பார்கள். அவரும் நகர்வார். கடைசியில் இரண்டு கடையும் தெருவின் நடுவில் அடுத்தடுத்து நிற்கும். 1957இல் ஆந்தனி டவுன்ஸ் இந்தத் தெருவில் கட்சிகளை நிறுத்தினார். வாக்காளர்களைக் கருத்து வரிசைப்படி நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் ஒருவரை யார் கவர்கிறாரோ அவருக்கே வெற்றி. ஆகவே எல்லாரும் அவரை நோக்கி நகர்வார்கள். இதை நடுவாக்காளர் தேற்றம் என்பார்கள். ஒரு தலைவரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் அவர் நகர்வார் என்பதை இது விளக்கிவிடுகிறது.

பழவேற்காட்டில் இந்தத் தேற்றம் தடுமாறுகிறது. பொன்னேரித் தொகுதியின் நடுவாக்காளர் மீனவர் அல்ல. நெல் விளைவிக்கும் ஊர்கள் இருக்கின்றன. மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் அனல் மின்நிலையங்களையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. துறைமுகம் பெரிதானால் வேலை கிடைக்கும் என்று எண்ணுவோரும் அங்கே உண்டு. அந்த எண்ணத்தில் தவறும் இல்லை. தலையை எண்ணினால் குப்பங்கள் சிறுபான்மை. பிறகு ஏன் மாநிலத் தலைவர்கள் குப்பத்தின் பக்கம் பேசினார்கள்?

இங்கே சுழல்வது இரண்டாவது சக்கரம். எண்ணிக்கை ஒன்று, தீவிரம் வேறொன்று. மீஞ்சூர் வாக்காளர் ஒருவர் துறைமுகத்தை ஆதரிக்கலாம். ஆனால் விலைவாசி, சாதி, கூட்டணி, வேட்பாளர், நகைக்கடன் என்று வேறு பத்துக் காரணங்களுக்காகத்தான் வாக்களிப்பார். குப்பத்து வாக்காளருக்குக் காரணம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் பிடித்தால் மொத்தக் குப்பமும் இந்தப் பக்கம். பிடிக்காவிட்டால் மொத்தமும் அந்தப் பக்கம். நெருக்கமாகக் குவிந்த பாதிப்பு, பரவலாகச் சிதறிய லாபத்தை வாக்குப்பெட்டியில் வென்றுவிடும். வாக்குப்பதிவுக்கு முந்தைய சில வாரங்களில் குப்பத்தின் எடை அதன் தலைக்கணக்கைவிடப் பல மடங்காகிறது. எடை கூடுகிற பக்கம் பேச்சு சாய்கிறது. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் அந்த எடை பழைய நிலைக்கு இறங்குகிறது. முதலீடு, வரி வருவாய், தொழில்துறையின் எதிர்பார்ப்பு ஆகியவை மேலே ஏறுகின்றன. தலைவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அவரைச் சுற்றியுள்ள எடைகள் மாறுகின்றன.

எடை மாறும் வேகத்தைத் தமிழ்நாடு ஒருமுறை மிகத் துல்லியமாகப் பார்த்திருக்கிறது. அதுவும் மீனவ ஊர்களில்தான். 2011 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரையில் உண்ணாவிரதம் நடந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா, நிலையம் பாதுகாப்பானது, போராட்டத்தைக் கைவிடுங்கள் என்று முதலில் அறிக்கை விட்டார். போராட்டம் அடங்கவில்லை. சில நாட்களிலேயே அவரது பேச்சு திரும்பியது. செப்டம்பர் 22 அன்று, மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தி வைக்குமாறு மத்திய அரசைக் கேட்டுத் தமிழக அமைச்சரவை தீர்மானம் போட்டது. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் இருந்தது. பிறகு மாநில அரசே ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 2012 பிப்ரவரியில் வந்தும் முடிவு வரவில்லை. திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்த சங்கரன்கோவில் தொகுதியில் இடைத்தேர்தல். வாக்குப்பதிவு மார்ச் 18. மார்ச் 19 அன்று அமைச்சரவை கூடி, நிலையத்தைத் திறக்கலாம் என்று முடிவெடுத்தது. கூடவே அந்தப் பகுதிக்கு 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம்.

சுமார் ஆறு மாதத்தில் பாதுகாப்பானது, நிறுத்துங்கள், திறக்கலாம் என்று மூன்று நிலைகள். இடிந்தகரை மக்களுக்கு அது எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும் என்பதை நான் இலேசாகக் கடக்க விரும்பவில்லை. ஆனால் அந்தத் தேதிகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நிபுணர் குழு ஒரு பாலமாக வேலை செய்தது. நிறுத்துங்கள் என்ற கரையிலிருந்து திறக்கலாம் என்ற கரைக்கு நேராகத் தாண்டினால் பல்டி என்பார்கள். நடுவே ஒரு குழுவை வைத்தால், அச்சத்தைப் போக்கச் சொன்னோம், போக்கிவிட்டார்கள் என்று நடந்தே கடந்துவிடலாம்.

இப்போது மூன்றாவது சக்கரம். இது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். மேடையில் அடிக்கடி ஒலிக்கும் சில வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘மக்கள் விரும்பாத எந்தத் திட்டத்தையும் கொண்டுவர மாட்டோம்.’ உறுதியான வாக்கியம்போல ஒலிக்கிறது. எந்த மக்கள்? விரும்பவில்லை என்பதை யார் அளப்பது? இரண்டும் திறந்தே இருக்கின்றன. ‘மீனவர் வாழ்வாதாரம் பாதிக்காத வகையில் செயல்படுவோம்.’ இதில் திட்டம் வராது என்று சொல்லப்படவே இல்லை. எப்படி வரும் என்பதுதான் பேசப்படுகிறது. ‘இந்த வடிவில் அனுமதிக்க மாட்டோம்.’ வேறு வடிவில் வந்தால்? ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கீல் இருக்கிறது. இன்றைக்குச் சாத்திய கதவு, பின்னால் ஓசைப்படாமல் திறக்க அந்தக் கீல் போதும்.

இதைத் திட்டமிட்ட தெளிவின்மை என்பார்கள்: கேட்பவர் தன் விருப்பத்தை இட்டு நிரப்பிக்கொள்ளும்படி இடம் விட்டுப் பேசுவது. கென்னத் ஷெப்ஸ்லி 1972இலேயே இதைக் கணித முறையில் ஆராய்ந்தார். தெளிவில்லாமல் பேசினால் வாக்காளர் வெறுப்பார்கள் என்றுதானே நினைப்போம்? மைக்கேல் டாம்ஸ், ராபர்ட் வான் ஹௌவெலிங் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க வாக்காளர்களிடம் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவு வேறு. தெளிவின்மை பொதுவாக வாக்காளரை விரட்டுவதில்லை. வேட்பாளர் எந்தக் கட்சி என்று தெரிந்திருந்தால், தன் கட்சிக்காரரின் மங்கலான பேச்சைத் தனக்குச் சாதகமாகவே மக்கள் பொருள்கொள்கிறார்கள். இடைவெளியை விடுவது பேச்சாளர். அதை நம்பிக்கையால் நிரப்புவது நாம்.

இதற்குச் சற்று விலகி ஓர் உதாரணம். சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு எதிரான போராட்டத்தில் அன்றைய எதிர்க்கட்சியான திமுக விவசாயிகள் பக்கம் நின்றதாகவே ஊர் புரிந்துகொண்டது. ஆட்சிக்கு வந்தபின், 2022இல் அமைச்சர் எ.வ.வேலு, சாலையை நாங்கள் எதிர்க்கவில்லை, மக்களைக் கலந்து பேசத்தான் சொன்னோம் என்ற பொருளில் பேசினார். பழைய பேச்சில் விடப்பட்டிருந்த இடம் பிறகு எப்படிப் பயன்படுகிறது என்பதை இங்கே நேரடியாகப் பார்க்கலாம்.

கீல் இல்லாமல் திரும்புவதும் உண்டு. 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு அதிமுகவின் 11 உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். 15 மாதம் கழித்து, 2021 மார்ச்சில் அதே கட்சியின் தேர்தல் அறிக்கை, அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. வாக்கு என்பது எண்ணாகப் பதிவாகிவிட்ட பொருள். அதில் இடைவெளி கிடையாது. அதனால்தான் அந்தத் திருப்பம் எல்லார் கண்ணிலும் பட்டது.

எஸ்தோனியாவில் பிறந்த ஆய்வாளர் மார்கிட் டாவிட்ஸ் 2007இல் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். பல வளர்ந்த ஜனநாயகங்களின் தேர்தல்களை அலசியதில், வரி, செலவு போன்ற நடைமுறை விஷயங்களில் கட்சிகள் நகர்ந்தால் வாக்காளர் மன்னிக்கிறார்கள், சில நேரம் பரிசும் தருகிறார்கள். கொள்கை, அறம் சார்ந்த விஷயங்களில் நகர்ந்தால் தண்டிக்கிறார்கள். இதிலிருந்து ஒரு தந்திரம் பிறக்கிறது. நிலைப்பாட்டை நகர்த்துமுன் விவகாரத்தையே ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மறு பெட்டியில் வைத்துவிட்டால்? தேர்தலுக்கு முன் துறைமுகம் வாழ்வுரிமைப் பிரச்சினை. தேர்தலுக்குப் பின் அதே துறைமுகம் முதலீடு, வேலைவாய்ப்பு, மாநில வளர்ச்சி. பெட்டி மாறினால் நகர்வின் விலை குறைகிறது. மீனவர் சங்கங்கள் வாழ்வுரிமை என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் எவ்வளவு கூர்மையான அரசியல் அறிவு இருக்கிறது என்று இந்த ஆய்வைப் படித்தபோது தோன்றியது.

பேசாமலே நகர்வதற்கும் வழி இருக்கிறது. பழவேற்காட்டின் இன்னொரு நெடுநாள் கோரிக்கை முகத்துவாரத்தைத் தூர்வாரி, இருபுறமும் கல் கொட்டி, நிரந்தரமாகத் திறந்து வைப்பது. இதற்கு 26.85 கோடி ரூபாய் திட்டம் போடப்பட்டது. பறவைகள் சரணாலய எல்லைக்குள் வருவதால் வனத்துறை, வனவிலங்கு வாரியம் என்று பல மேசைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முகத்துவாரம் அடைபடட்டும் என்று சொல்லும் கட்சி ஒன்றுகூட இல்லை. டொனால்டு ஸ்டோக்ஸ் 1963இலேயே இரு வகை விவகாரங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, எதிரெதிர் பக்கம் உள்ளது: துறைமுகம் வேண்டும், வேண்டாம். மற்றொன்று, எல்லாரும் ஒரே பக்கம் நிற்கும் உடன்பாட்டு விவகாரம்: யார் செய்து முடிப்பார் என்பது மட்டுமே போட்டி. ஒரு வேட்பாளர் முதல் வகையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதைக் குறைத்து, இரண்டாவது வகையைப் பற்றி ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். எந்த நிலைப்பாட்டையும் கைவிடாமல் தூரம் கடந்துவிடலாம்.

இப்போது பொறியமைப்பின் ஆகப் பெரிய பகுதிக்கு வருவோம். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை அனுமதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? சுற்றுச்சூழல் அனுமதி மத்திய அமைச்சகம் தருவது. ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்துவது மாநில வாரியம். கடலோரத்துக்கான பரிந்துரை மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். பெருந்துறைமுகப் பட்டியலில் இல்லாததால் துறைமுகம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் எல்லைக்குள் வருகிறது. திட்டத்துக்குக் கேட்கப்பட்ட நிலத்தில் 760 ஹெக்டேருக்கு மேல் அரசு நிலம். ஐந்து பூட்டு, ஐந்து சாவி, பல கைகள். இது முறைகேட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. அந்த நோக்கம் உயர்ந்தது. அதே ஏற்பாடு, சென்னையில் இருப்பவர் டெல்லியைக் காட்டவும் டெல்லியில் இருப்பவர் சென்னையைக் காட்டவும் வசதியாகவும் இருக்கிறது. ‘அனுமதி தருவது நாங்கள் அல்ல’ என்ற வாக்கியம் இரண்டு ஊரிலும் பாதி உண்மை.

கருத்துக் கேட்பு விதிகளைப் படித்தால் இன்னும் விசித்திரங்கள் தென்படும். 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான அறிவிக்கையின்படி, மக்கள் தயாராவதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நிறுவனம் கேட்டதிலிருந்து 45 நாளுக்குள் கூட்டம் நடக்க வேண்டும். மாநில வாரியம் நடத்தாவிட்டால் மத்திய அமைச்சகம் வேறொரு அமைப்பைக் கொண்டு நடத்தலாம். ஆகவே கூட்டத்துக்கு வாரியம் தேதி குறித்ததையே வாக்குறுதி மீறல் என்று சொல்லிவிட முடியாது; விதி அதைச் செய்யச் சொல்கிறது. கூட்டம் தொடங்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் திட்டம் தானாகச் செத்துவிடாது. அப்படியிருக்க, தேதி குறிப்பதற்கும் கூட்டம் நடப்பதற்கும் இடையே அரசுக்குக் கிடைக்கும் ஒரே அசைவு ஒத்திவைப்பு. வேண்டாம் என்று எழுத்தில் சொன்னால் முதலீட்டாளர் முகம் வாடும். சரி என்றால் குப்பம் கொதிக்கும். ஒத்திவைத்தால் இரண்டு தரப்பும் காத்திருக்கும். ஒரு திட்டத்தை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பது சில நேரம் நிராகரிப்பாகவே முடிந்துவிடுவதும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அரசியல்வாதிகள் சொன்னதைச் செய்வதே இல்லை என்ற நம் பொதுவான எண்ணத்தை உலுக்கும் ஒரு பெரிய ஆய்வும் இருக்கிறது. 2017இல் ராபர்ட் தாம்சனும் சக ஆய்வாளர்களும் 12 நாடுகளின் 57 தேர்தல்களில் கட்சிகள் தந்த 20,000க்கு மேற்பட்ட வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். ஆட்சிக்கு வந்த கட்சிகள், குறிப்பாகத் தனித்து ஆண்டவை, தங்கள் வாக்குறுதிகளில் பெரும்பாலானவற்றை முழுதாகவோ பகுதியாகவோ நிறைவேற்றியிருந்தன. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் தமிழ்நாட்டு அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது என்றே நினைக்கிறேன். 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி என்றார்கள். பெட்டி வீட்டுக்கு வந்தது. அதைத் தொடர்ந்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. வாக்குறுதிக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்று அந்த நெறிமுறை எதிர்பார்க்கிறது. கொடுப்பேன் என்ற வாக்குறுதியை எண்ணிப் பார்க்கலாம்: பெட்டி வந்ததா, வரவில்லையா. தடுப்பேன் என்ற வாக்குறுதிக்கு முடிவுநாள் கிடையாது. அதை ஒவ்வொரு நாளும் புதிதாகக் காப்பாற்ற வேண்டும். பழவேற்காட்டுக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது வகை.

சொன்ன சொல்லைக் கட்டிப்போடும் கலை பழவேற்காட்டு மீனவர்களுக்குப் புதியதல்ல. ஏரிக்குள் எல்லா இடமும் ஒன்றுபோல இறால் தராது. ஓடை வாயில் வலை கட்டுபவருக்கு வாரி வழங்கும். தள்ளிக் கட்டுபவருக்குக் கூடை நிறையாது. இதைத் தீர்க்கக் கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் பாடு என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஊர்க் கணக்கில் பெயர் உள்ள தலைக்கட்டுகள் கூடி, சீட்டுக் குலுக்கி, யார் எந்த இடத்தில் எப்போது சுத்து வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். குலுக்கல் எல்லார் முன்னாலும் நடக்கிறது. முறை யாருடையது என்பது ஊருக்கே தெரியும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். வாக்குறுதி நிற்பதற்கு ஆய்வாளர்கள் தேடும் எல்லாமே இதில் இருக்கிறது: மங்கலில்லாத வாசகம், குறித்த நாள், பார்க்கும் கண்கள், மீறலுக்கு விலை.

பாடு குறையற்றது அல்ல. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தக் குலுக்கலில் சீட்டு கிடையாது. துறைமுகத்தைப் பற்றிய பேச்சிலும் இவர்கள் குரல் கடைசியாகத்தான் கேட்கப்படுகிறது. இது மாற வேண்டும். முகத்துவாரம் கெட்டால் முதலில் வெறுங்கையாவது வலையும் படகும் இல்லாத இவர்கள்தான்.

கருத்துக் கேட்பு விதியில் இன்னொரு பிரிவு உண்டு. அவ்வளவாக யாரும் கவனிக்காதது. கூட்டம் மாவட்ட ஆட்சியரின் அல்லது அவர் அனுப்பும் உயர் அதிகாரியின் முன்னிலையில் நடக்கும். முழுவதும் காணொளியாகப் பதிவாகும். முடிவில், எழுந்த எல்லாக் கருத்துகளையும் சுருக்கி எழுதி, கூடியிருப்போருக்கு அவர்கள் மொழியில் உரக்க வாசித்துக் காட்டி, அதன்பிறகுதான் கையெழுத்திட வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு அனுமதி தரும் அமைச்சகத்துக்குப் போகும். கட்சிப் பிரதிநிதியும் எழுந்து பேசலாம். அவரது பெயரும் அவர் சொன்னதும் அதே குறிப்பில் ஏறும். பழவேற்காட்டைப் பொறுத்தவரை 2021இலும் 2023இலும் குறித்த தேதிகளில் அந்தக் குறிப்பு எழுதப்படவில்லை. அடுத்த தேதி குறிக்கப்படும்போது குப்பங்களிடம் 30 நாள் இருக்கும். தொகுதியில் வாக்குக் கேட்ட ஒவ்வொரு கட்சிக்கும் அந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஆளனுப்ப அது தாராளமாகப் போதும்.